அமெரிக்காவும் பேஸ்பாலும்: கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ போனவர்கள், மகன் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு வரும் பெற்றோர், இங்கிருந்தபடியே காலையில் காபியோடு ஜப்பான்காரர் ஓட்டானி அடிப்பதை போனில் பார்ப்பவர்கள், எல்லோரும் கேட்பது சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான். விதிகளை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதி விஷயம் விட்டுப்போகும். இந்த ஆட்டம் அந்த நாட்டில் அரை வருஷம் தினமும் நடக்கிறது, அதனால் அந்த நாட்டின் சண்டைகளெல்லாம் ஏதோ ஒரு வழியில் இதற்குள் வந்து சேர்ந்துவிடுகின்றன. கீழே அதைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஆட்டம் என்னவென்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர், மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணியும் ஒருமுறை பேட் செய்யும், மூன்று பேர் அவுட்டானால் பக்கம் மாறும். பிட்சர் ஒரு சின்ன மண்மேட்டில் நின்று 18.44 மீட்டர் தள்ளி, பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் தட்டை நோக்கி எறிவார். முழங்கையை மடக்கி எறியலாம், அதில் தடையே கிடையாது. பந்து தரையில் குத்தாமல் நேராக வரும். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வருவது சர்வசாதாரணம், பேட்டருக்கு அரை நொடிகூட இல்லை, கையில் இருப்பதோ உருண்டைக் கட்டை.

தட்டுக்கு மேலே, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையே வரும் பந்தை விட்டுவிட்டால் ஸ்ட்ரைக். பேட்டை வீசித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் வெளியே போக வேண்டியதுதான். அந்த எல்லைக்கு வெளியே வருவதைத் தொடாமல் விட்டால் அது 'பால்', அப்படி நான்கு சேர்ந்தால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு (சதுரமாக அமைந்த நான்கு நிலைகளில் முதலாவது) நடந்து போகலாம். நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். பத்து முறைக்கு மூன்று முறை ஒழுங்காக அடித்து பேஸுக்குப் போனாலே (அதைத்தான் 'ஹிட்' என்பார்கள்) அவர் பெரிய பேட்டர். 1941-ல் டெட் வில்லியம்ஸ் .406 என்ற சராசரியில், அதாவது ஆயிரத்துக்கு 406 ஹிட் என்ற கணக்கில், சீசனை முடித்தார், அதற்கப்புறம் அந்த நாட்டின் உச்சநிலையான மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளிலும் (அமெரிக்கன் லீக், நேஷனல் லீக்) இத்தனை வருஷமாகியும் .400-ஐ ஒரு சீசனில் தொட்டவர் இல்லை.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்குப் பிடிபடாமல் போவது இங்கேதான். நாம் ரன்னுக்காகக் காத்திருக்கிறோம், அவர்களோ அடுத்த பந்து என்னவாக இருக்கும் என்று காத்திருக்கிறார்கள். கணக்கு மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் என்று நிற்கும்போது கவனியுங்கள். பிட்சர் எல்லைக்கு வெளியே போட்டால் ஆளை இலவசமாக பேஸுக்கு அனுப்புகிறார், உள்ளே போட்டால் அடி வாங்கலாம். பேட்டருக்கும் அதே பயம்தான், விட்டாலும் ஆபத்து, வீசினாலும் ஆபத்து. ரன் எதுவும் வராமலே மைதானம் முழுக்க எழுந்து நிற்கும்.

இன்னொரு சின்ன விஷயம். மேஜர் லீகில் பயன்படும் ஒவ்வொரு புதுப் பந்தின் மீதும் ஆட்டத்துக்கு முன் சேறு தேய்ப்பார்கள், வழவழப்பு போவதற்காக. அந்தச் சேறு நியூ ஜெர்சி பக்கம் டெலவேர் ஆற்றை ஒட்டிய ஓர் இடத்தில் எடுக்கப்படுகிறது. எடுப்பது ஒரு குடும்பத் தொழில், சரியாக எந்த இடம் என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள்.

அமெரிக்காவில் கிரிக்கெட் இருந்ததே இல்லையா?

நன்றாகவே இருந்தது. முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டமே 1844-ல் நியூயார்க்கில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடந்ததுதான். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் முதல் டெஸ்ட் ஆடியதற்கு 33 வருஷம் முன்னால்! பிலடெல்பியாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கிரிக்கெட்டுக்கு நல்ல செல்வாக்கு இருந்தது.

ஆனால் பேஸ்பாலுக்கு உருட்டிச் சமன்செய்த பிட்ச் வேண்டாம், ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். நியூயார்க் நிக்கர்பாக்கர் கிளப்காரர்கள் 1845-ல் விதிகளை எழுதிவைத்தார்கள், 1846-ல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹோபோக்கனில் அந்த விதிப்படி ஆடினார்கள். 1861-ல் உள்நாட்டுப் போர் வந்தபோது முகாம்களில் சிப்பாய்கள் ஆடினார்கள், போர் முடிந்து ஊர் திரும்பியவர்களோடு ஆட்டமும் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. 1869-ல் சின்சினாட்டியில் வெளிப்படையாகச் சம்பளம் வாங்கும் முதல் அணி, 1876-ல் நேஷனல் லீக். அவ்வளவு வேகம்.

ஆப்னர் டபுள்டே என்ற ராணுவ அதிகாரிதான் கண்டுபிடித்தார் என்கிறார்களே?

கட்டுக்கதை. இந்த ஆட்டம் இங்கிலாந்தின் பழைய பேட்டும் பந்தும் ஆட்டங்களிலிருந்து வளர்ந்தது என்று ஒப்புக்கொள்ள அன்றைக்குப் பலருக்கு மனம் வரவில்லை. 1905-ல் ஒரு குழு போட்டார்கள். 1839-ல் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் டபுள்டே உருவாக்கினார் என்று, ஒரு முதியவரின் நினைவை மட்டும் நம்பி அது முடிவு சொன்னது. அந்த வருஷம் டபுள்டே வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். பேஸ்பாலைக் கண்டுபிடித்ததாக அவர் வாழ்நாளில் எங்கும் சொன்னதுமில்லை. இருந்தும் 1939-ல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தை அதே கூப்பர்ஸ்டவுனில்தான் திறந்தார்கள். ஒரு நாடு தனக்கென ஓர் ஆட்டம் வேண்டுமென்று எவ்வளவு தவித்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்றைக்கும் இதுதான் அமெரிக்காவின் முதல் விளையாட்டா?

இல்லை. 1948-ல் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் கேட்டபோது 39 சதவீதம் பேர் பேஸ்பால்தான் பிடித்தது என்றார்கள். 2023 கடைசியில் கேட்டபோது 10 சதவீதம், அமெரிக்கன் ஃபுட்பாலுக்கோ 41. எழுபதுகளிலேயே ஃபுட்பால் முந்திவிட்டது.

ஆனால் இந்த எண்களை வைத்து பேஸ்பால் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது தப்பு. ஃபுட்பாலில் ஓர் அணிக்கு சீசனுக்கு 17 ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை திருவிழா மாதிரி வரும். பேஸ்பாலில் 162. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய தினமும் உங்கள் ஊர் அணி எங்கேயோ ஆடிக்கொண்டிருக்கும். யாரும் 162-ஐயும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. சமையலறையில் வேலை செய்துகொண்டு, காரை ஓட்டிக்கொண்டு, கொட்டகையில் எதையாவது பழுதுபார்த்துக்கொண்டு கேட்பார்கள். 1921-ல் பிட்ஸ்பர்க்கில் முதல் வானொலி வர்ணனை வந்த நாளிலிருந்து இந்த ஆட்டம் காதால் வாழ்ந்த ஆட்டம்.

வின் ஸ்கல்லி என்ற வர்ணனையாளர் 1950 முதல் 2016 வரை 67 சீசன் டாட்ஜர்ஸ் அணிக்காகப் பேசினார், அதுவும் பெரும்பாலும் பக்கத்தில் துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக. டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்த புதிதில், மைதானத்துக்குள்ளேயே உட்கார்ந்து ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கையில் டிரான்சிஸ்டரை வைத்து அவர் சொல்வதைக் கேட்டார்கள் ஜனங்கள். தாத்தா கேட்ட குரலைப் பேரனும் கேட்கிறான். அப்படிப்பட்ட ஆட்டத்தின் இடத்தை சர்வே எண்ணால் அளந்துவிட முடியாது.

கறுப்பினத்தவரை ஆடவே விடவில்லை என்பது உண்மையா? ஜாக்கி ராபின்சன் யார்?

உண்மைதான். 1884-ல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி பேட்டருக்குப் பின்னால் இருப்பவர்) டொலிடோ அணிக்காக மேஜர் லீகில் ஆடியிருக்கிறார். அதற்கப்புறம் கதவைச் சாத்திவிட்டார்கள். எழுத்தில் சட்டம் எதுவும் போடவில்லை, முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது. அறுபது வருஷத்துக்கு மேல் அது நின்றது.

ராபின்சன் ராணுவத்தில் இருந்தபோது, 1944-ல் டெக்சஸில் பஸ்ஸின் பின்பக்கம் போய் உட்கார மறுத்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் நின்று விடுதலையானவர். அடுத்த வருஷம் புரூக்ளின் டாட்ஜர்ஸ் (லாஸ் ஏஞ்சல்ஸ் போவதற்கு முன் அது நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்தது) தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரைக் கூப்பிட்டுப் பேசினார். திருப்பி அடிக்காமல் இருக்கும் துணிச்சல் உன்னிடம் இருக்கிறதா என்பதுதான் ரிக்கி கேட்ட முக்கியமான கேள்வி. பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்த ஒரு மனிதனிடம் இதைக் கேட்பது எவ்வளவு பெரிய விலை என்று யோசித்துப் பாருங்கள்.

1947 ஏப்ரல் 15, புரூக்ளின் எபெட்ஸ் ஃபீல்டில் முதல் ஆட்டம். வந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். அன்றைக்கு அவர் ஹிட் எதுவும் அடிக்கவில்லை, ஆனாலும் ஒரு ரன் ஓடினார். அடுத்த வாரமே பிலடெல்பியா அணி வந்தது, அதன் மேனேஜர் (நம்மூர் கோச் மாதிரி) பென் சாப்மன் தன் ஆட்களோடு சேர்ந்து காது கூசும் வசவுகளை மைதானத்தில் வைத்தே கத்தினார். ஹோட்டலில் அறை தர மாட்டார்கள், கொலை மிரட்டல் கடிதங்கள் வரும். அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் என்ற விருதை அவர்தான் வாங்கினார்.

தேதியைப் பாருங்கள். அமெரிக்க ராணுவத்தில் இனப் பிரிவினையை நீக்க உத்தரவு வந்தது 1948-ல், பள்ளிகள் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1954-ல். பேஸ்பால் மைதானம் இரண்டுக்கும் முந்தியது. அதற்காக எல்லா அணியும் உடனே திருந்திவிட்டது என்று நினைக்க வேண்டாம், பாஸ்டன் ரெட் சாக்ஸ் முதல் கறுப்பின ஆட்டக்காரரை இறக்க 1959 வரை இழுத்தடித்தது. இப்போது ஏப்ரல் 15 அன்று மேஜர் லீகில் எல்லா ஆட்டக்காரர்களும் அவருடைய 42-ஆம் எண் சட்டையோடு ஆடுகிறார்கள். 1997-ல் அந்த எண்ணை எல்லா அணியிலும் நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் அதற்கு முன் அவர்கள் எங்கே ஆடினார்கள்?

தங்களுக்கென்று லீக் நடத்தினார்கள். 1920-ல் ரூப் ஃபாஸ்டர் என்பவர் கான்சஸ் சிட்டியில் நீக்ரோ நேஷனல் லீகைத் தொடங்கினார் (அன்றைய பெயர் அது, வரலாற்றில் அப்படியே நிற்கிறது). சாட்செல் பேஜ், ஜோஷ் கிப்சன் எல்லாம் அங்கே வளர்ந்தவர்கள். பேஜ் மேஜர் லீகுக்கு வந்தபோது வயது 42, எந்த அணியும் அதற்கு முன் கூப்பிடவில்லை. கிப்சனுக்கு அதுவும் கிடைக்கவில்லை, ராபின்சன் இறங்குவதற்குச் சில மாதம் முன்பு, 35 வயதில் இறந்துபோனார்.

ராபின்சன் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. அந்த லீக்குகள் கறுப்பினத்தவர் கையில் இருந்த பெரிய தொழில்களில் ஒன்று. முதலாளி, மேனேஜர், அம்பயர், டிக்கெட் விற்பவர் வரைக்கும் பெரும்பாலும் அவர்கள்தான். மேஜர் லீக் ஆட்டக்காரர்களை மட்டும் எடுத்துக்கொண்டது, மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டது. ராபின்சன் ஆடிய கான்சஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு ரிக்கி ஒரு காசு தரவில்லை. ரசிகர்கள் நட்சத்திரங்களின் பின்னால் போய்விட்டார்கள், லீக்குகள் படுத்துவிட்டன. மேஜர் லீகில் முதல் கறுப்பின மேனேஜர் வந்தது 1975-ல், ஃபிராங்க் ராபின்சன், கிளீவ்லாந்து. கதவு திறந்து 28 வருஷம் கழித்து! இதைச் சேர்த்துச் சொல்லாமல் 1947-ஐ வெறும் வெற்றிக் கதையாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

2020-ல்தான் அந்த லீக்குகளும் மேஜர் லீக் தரமானவை என்று ஏற்றுக்கொண்டார்கள். 2024-ல் புள்ளிவிவரங்களையும் சேர்த்தார்கள், வாழ்நாள் பேட்டிங் சராசரியில் அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பைத் தாண்டி .372 என்று ஜோஷ் கிப்சன் முதலிடத்துக்கு வந்தார். மறைந்து 77 வருஷம் கழித்து.

இப்போது கறுப்பின ஆட்டக்காரர்கள் குறைவாக இருப்பது ஏன்?

எண்பதுகளில் 18 சதவீதம் வரை இருந்தது, இப்போது 6 சதவீதம் அளவில் நிற்கிறது. 2022 வேர்ல்ட் சீரிஸில் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) ஆடிய இரண்டு அணியிலும் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை, 1950-க்கு அப்புறம் முதல்முறை. கூடைப்பந்தும் ஃபுட்பாலும் பிள்ளைகளை ஈர்த்துக்கொண்டன என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். பணம்தான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். இன்றைக்கு ஒரு பையன் கண்ணில் பட வேண்டுமென்றால் ஊர் ஊராகப் போய் ஆடும் தனியார் அணியில் சேர வேண்டும். கட்டணம், தனிப் பயிற்சி, ஹோட்டல், வாரக்கடைசியில் காரோட்ட நேரம் உள்ள பெற்றோர், இத்தனையும் வேண்டும். கல்லூரிகளிலும் பேஸ்பாலுக்கு முழு உதவித்தொகை கிடைப்பது அரிது. தெருமுனை மைதானத்தில் ஆடி மேலே வந்த காலம் போய்விட்டது.

பெண்கள்?

1943-லிருந்து 1954 வரை பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக் நடந்தது, போருக்கு ஆண்கள் போனபோது சிகாகோ கப்ஸ் அணியின் முதலாளி ரிக்லி தொடங்கியது. போர் முடிந்தும் ஒன்பது வருஷம் ஓடியது.

ஆனால் நான் சொல்ல விரும்புவது மரியா பெப்பியைப் பற்றி. அதே ஹோபோக்கன், 1972. பன்னிரண்டு வயதுப் பெண் சிறுவர்களுக்கான லிட்டில் லீகில் பிட்ச் செய்கிறாள், மூன்று ஆட்டம் ஆடிவிட்டாள். பெண்ணை நீக்காவிட்டால் ஊர் அணியின் அங்கீகாரத்தையே எடுத்துவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து மிரட்டல். நீக்கினார்கள். வழக்கு நடந்தது, பெண்ணுக்கு எலும்பு பலவீனம் என்றுகூட வாதம் வைத்தார்கள். 1974-ல் தீர்ப்பு அவள் பக்கம் வந்தது, நாடு முழுக்க லிட்டில் லீக் பெண்களுக்குத் திறந்தது. ஆனால் அதற்குள் அவளுக்கு லிட்டில் லீக் வயது தாண்டிவிட்டது, திரும்பிப் போய் ஆட முடியவில்லை. 2014-ல் பிலடெல்பியாவின் மோனே டேவிஸ் லிட்டில் லீக் வேர்ல்ட் சீரிஸில் எதிரணியை ஒரு ரன்கூட எடுக்க விடாமல் ஜெயித்தாள் என்றால், அதற்கு வழிவிட்டது அந்த வழக்குதான்.

இவ்வளவு பெரிய சம்பளம் எப்படி வந்தது?

ஓட்டானிக்குப் பத்து வருஷத்துக்கு 70 கோடி டாலர் என்று கேட்டால் மலைப்பாக இருக்கும் (அதில் பெரும்பகுதி ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும்). ஐம்பது வருஷம் முன்பு வரை ஆட்டக்காரர் அணியின் சொத்து. ஒப்பந்தம் முடிந்தாலும் அந்த அணிக்கே ஆட வேண்டும், முதலாளி விற்றால் விற்ற இடத்துக்குப் போக வேண்டும். 1922-ல் உச்ச நீதிமன்றமே, பேஸ்பால் மாநிலங்களுக்கிடையேயான வணிகம் அல்ல, ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது.

1969-ல் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃப்ளட் என்பவரை பிலடெல்பியாவுக்கு மாற்றியது. வருஷம் 90,000 டாலர் சம்பளம், அன்றைக்கு அது பெரிய தொகை. நான் வாங்கி விற்கப்படும் பொருள் அல்ல என்று பேஸ்பாலின் தலைமை அதிகாரியான கமிஷனருக்குக் கடிதம் எழுதிவிட்டுப் போக மறுத்தார், வழக்குப் போட்டார். கறுப்பின மனிதர் ஒருவர் இந்த வாக்கியத்தை எழுதும்போது அதன் கனம் என்ன என்பது அமெரிக்காவில் எல்லோருக்கும் புரிந்தது. விசாரணையில் அவருக்காகச் சாட்சி சொல்ல, அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர்களில் ஒருவர்கூட வரவில்லை. ஓய்வுபெற்றிருந்த ஜாக்கி ராபின்சன் வந்தார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் ஃப்ளட் தோற்றார், ஆட்ட வாழ்க்கையும் போயிற்று.

மூன்றே வருஷத்தில், மார்வின் மில்லர் வளர்த்தெடுத்த ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கம், தொழில் தகராறு நடுவர் ஒருவரின் தீர்ப்பு மூலம் அந்தக் கட்டை உடைத்தது. அமெரிக்க விளையாட்டில் சங்கம் என்றால் இன்றைக்கும் இதுதான் உதாரணம். 1994-ல் வேலைநிறுத்தம் நடந்து வேர்ல்ட் சீரிஸே ரத்தானது.

கீழ்நிலையில் நிலைமை வேறு. மைனர் லீக் பையன்கள் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டுமென்று 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு சட்டப் பிரிவையே நுழைத்தார்கள், பெயர் 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்போம்' சட்டம். கோபம் வராமல் எப்படி இருக்கும்? 2022-ல் அந்தப் பையன்களும் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

ஸ்பானிஷ் பெயர்களாகக் காதில் விழுகிறதே?

மேஜர் லீக் ஆட்டக்காரர்களில் கால் பங்குக்கும் மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள். டொமினிக்கன் குடியரசு என்ற சின்ன நாட்டிலிருந்து மட்டும் சீசன் தொடக்கத்தில் நூறு பேர் அளவுக்கு இருப்பார்கள். அங்கே ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் பயிற்சிக்கூடம் இருக்கிறது, 16 வயதில் ஒப்பந்தம் போட்டுவிடலாம். மேலே வருபவர் சிலர், படிப்பை விட்டுவிட்டு நடுவழியில் நிற்பவர் மிகப் பலர்.

போர்ட்டோ ரிக்கோவின் ராபர்ட்டோ கிளெமென்டேயை ஒருநாளும் மறக்கக் கூடாது. ராபர்ட்டோ என்று கூப்பிடச் சொன்ன மனிதரை, ஆட்டக்காரர் படம் போட்டு விற்கும் அட்டைகளில் 'பாப்' என்றே வருஷக்கணக்கில் அச்சடித்தார்கள். 1972 சீசனின் முடிவில் சரியாக 3,000 ஹிட். அந்த டிசம்பரில் நிகராகுவாவில் பூகம்பம். அனுப்பிய உதவிப் பொருட்கள் மக்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்து, 31-ஆம் தேதி அடுத்த விமானத்தில் தானே ஏறினார். கிளம்பிய சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. சேவைக்கான மேஜர் லீக் விருது இப்போது அவர் பெயரில்தான்.

ஜப்பான் தனிக் கதை, அங்கே 1872-லேயே ஓர் அமெரிக்க ஆசிரியர் கொண்டுபோய்விட்டார். 2024-ல் ஒரே சீசனில் 54 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), 59 ஸ்டீல் (அடிக்காமலே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது) என்று இதுவரை யாரும் செய்யாததை ஓட்டானி செய்ததற்குப் பின்னால் நூற்றைம்பது வருஷப் பழக்கம் இருக்கிறது.

ஊர் அணி என்கிறார்கள், ஆனால் அணி ஊர் மாறுகிறது. அது எப்படி?

முதலாளி நினைத்தால் மாறும். டாட்ஜர்ஸ் 1957 வரை புரூக்ளின் அணி. லாஸ் ஏஞ்சல்ஸ் போனது, புரூக்ளினில் வயதானவர்கள் கடைசி வரை மன்னிக்கவில்லை. போன இடத்திலும் ஒரு காயம். சாவேஸ் ரவீன் என்ற மேட்டில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்தன. பொதுக் குடியிருப்பு கட்டித் தருகிறோம் என்று சொல்லி ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர்களைக் காலி செய்தார்கள். குடியிருப்புத் திட்டம் கைவிடப்பட்டது, நிலம் டாட்ஜர்ஸுக்குப் போனது. 1959 மே மாதம் கடைசிக் குடும்பங்களை, கேமராக்களுக்கு முன்னால், வீட்டிலிருந்து தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். 1962-ல் மைதானம் திறந்தது. அதை ஒதுக்கி வைத்திருந்த குடும்பங்கள் பல 1981-ல்தான் உள்ளே போயின, மெக்சிகோ கிராமத்திலிருந்து வந்த இருபது வயது ஃபெர்னாண்டோ வலென்சுவேலா முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்த வருஷம் அது.

ஓக்லாந்து சமீபத்தியது, இன்னும் ஆறவில்லை. 1968-லிருந்து அங்கே ஏ'ஸ் (அத்லெடிக்ஸ்) அணி, நான்கு வேர்ல்ட் சீரிஸ் வென்றிருக்கிறது. முதலாளி நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு, டிக்கெட் விலையை ஏற்றி, கூட்டம் வருவதில்லை என்று காரணம் சொல்லி லாஸ் வேகாஸ் போகக் கிளம்பினார். நெவாடா மாநிலம் 38 கோடி டாலர் வரை பொதுப் பணம் தர முன்வந்தது. 2023 ஜூன் 13, ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, ரசிகர்கள் தாங்களே பேசிவைத்து 27,000 பேருக்கு மேல் வந்து நிரப்பினார்கள், 'விற்றுவிடு' என்று எழுதிய பச்சைச் சட்டைகளோடு. ஐந்தாவது இன்னிங்ஸ் தொடங்கியபோது முதல் பேட்டர் ஆடி முடிக்கும் வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் அணியை விற்கச் சொல்லிக் கத்தியது. அன்றைக்கு அணி ஜெயித்தது, முதலாளி அசையவில்லை. 2024 செப்டம்பர் 26 அங்கே கடைசி ஆட்டம். கூட்டம் வராததால்தான் போனார்கள் என்று யாராவது சொன்னால் இந்த ஜூன் 13-ஐச் சொல்லுங்கள்.

ஆட்டத்தில் மோசடி?

நிறைய. 1919 வேர்ல்ட் சீரிஸில் சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கித் தோற்றதாக சிகாகோவின் எட்டுப் பேர் மீது வழக்கு, நீதிமன்றம் விடுதலை செய்தது, கமிஷனர் லேண்டிஸ் ஆயுள் தடை போட்டார். தொண்ணூறுகளில் ஊக்கமருந்து. 2017-ல் ஹூஸ்டன் அணி எதிரணி கேட்சர் தன் பிட்சருக்குக் காட்டும் சைகைகளை கேமராவில் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தட்டித் தன் பேட்டருக்குச் சொல்லியது. அந்த வருஷம் அவர்கள் சாம்பியன், பட்டத்தைப் பறிக்கவில்லை, ஆட்டக்காரர் ஒருவரையும் தண்டிக்கவில்லை. அது தப்பு என்பதுதான் என் கருத்து.

ஆட்டம் ரொம்ப நீளமாமே?

இருந்தது. 2022-ல் சராசரி மூன்று மணி நேரத்துக்கு மேல். 2023-ல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்தார்கள், பேஸில் ஆள் இல்லாதபோது 15 நொடிக்குள் எறிய வேண்டும். இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு இறங்கிவிட்டது.

நம்மவர்கள் யாராவது ஆடியிருக்கிறார்களா?

2008-ல் இந்தியாவில் வேகமாக எறிபவர்களைத் தேடி ஒரு டிவி போட்டி நடந்தது. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறியும் இரண்டு இளைஞர்கள், ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும், அதிலிருந்து பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்பில் சேர்ந்தார்கள். மைனர் லீகைத் தாண்டவில்லை. (கொல்கத்தா அணியில் ஆடும் ரிங்கு சிங் வேறு ஆள்.)

தமிழ்நாட்டுக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. டாலஸ் பக்கம் கிராண்ட் பிரேரியில் மைனர் தரத்து பேஸ்பால் அணி ஒன்றுக்காகக் கட்டிய மைதானத்தை கிரிக்கெட்டுக்காக மாற்றினார்கள். சென்னை சூப்பர் கிங்ஸின் சகோதர அணியான டெக்சஸ் சூப்பர் கிங்ஸுக்கு அதுதான் சொந்த மைதானம். 2024 உலகக் கோப்பையில் பாகிஸ்தானை அமெரிக்கா சூப்பர் ஓவரில் தோற்கடித்ததும் அங்கேதான்.

முதல்முறை மைதானத்துக்குப் போகிறேன், என்ன செய்யலாம்?

மேஜர் லீக் டிக்கெட் விலை கையைக் கடித்தால் பக்கத்து ஊர் மைனர் லீக் ஆட்டத்துக்குப் போங்கள். விலை குறைவு, ஆட்டம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், மேலே போகத் துடிக்கும் இருபது வயதுப் பையன்களின் ஆட்டம். மூன்றாவது பேஸ் பக்கமோ முதல் பேஸ் பக்கமோ உட்கார்ந்தால் தடுப்பு வலை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அடித்த பந்து அந்தப் பக்கம் குண்டு மாதிரி வரும். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து பாடுவார்கள், நீங்களும் எழுந்துவிடுங்கள்.

பேட்டரை மட்டும் பார்க்காமல் கேட்சரைப் பாருங்கள். கையுறையை எங்கே வைக்கிறார், பந்து எங்கே போய்ச் சேர்கிறது. இரண்டும் பொருந்தாமல் போக ஆரம்பித்தால் பிட்சர் களைத்துவிட்டார் என்று அர்த்தம், பின்னால் கொட்டகையில் அடுத்தவர் தோள்பட்டையைச் சூடு பண்ண ஆரம்பித்திருப்பார். பக்கத்தில் யாராவது பெரியவர் அட்டையும் பென்சிலும் வைத்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தால் தயங்காமல் கேளுங்கள், அந்தக் குறிகள் என்னவென்று சந்தோஷமாகச் சொல்லித் தருவார்.